வாஷர் மாற்றினால் முடிந்தது

மார்ச் பதினேழு, செவ்வாய்க்கிழமை, பகல் இரண்டே கால் மணி. பாதியில் விட்ட நாவல்கள் பதினாறு. முடித்தது ஒன்று.

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே நான் சுகம், லிஃப்ட் சுகமில்லை. நீயும் அத்தானும் சுகமாகத்தான் இருப்பீர்கள், இல்லையென்றால் இதற்குள் போனில் அழுதிருப்பாய். நலம் விசாரித்தாகிவிட்டது. விஷயத்துக்கு வருகிறேன். உன் நாவலின் முதல் பக்கத்தைக் கிழித்துப் போடு. மற்றதில் கை வைக்காதே. வெள்ளிக்கிழமை அப்படியே கொண்டுபோய்ப் பதிப்பாளரிடம் கொடு. இரண்டு தவணை கேட்டு வாங்கிவிட்டாய், மூன்றாவது தவணைக்கு அந்த மனுஷன் உன் நாவலை எடைக்குப் போட்டுவிடுவான். இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் சொன்னால் நடுவில் பேசுவாய். கடிதத்தில் நான் முடிக்கிறவரை உன்னால் வாயைத் திறக்க முடியாது.

"முதல் பக்கத்தை மட்டும் பதினாலு தடவை எழுதினேன்டா" என்று நீ சொன்னது ஞாபகம் இருக்கிறது. அதனால்தான் காரணத்தையும் விவரமாக எழுதுகிறேன். "நீ படிச்சு சொல்லாம நான் யாருக்கும் குடுக்க மாட்டேன்" என்று பிடிவாதம் பிடிக்கிறாய். அத்தானிடம் கேட்டால் எல்லாமே நன்றாக இருக்கிறது என்பார். உப்பில்லாத சமையலையே நன்றாக இருக்கிறது என்று சொல்லிப் பிழைக்கிற மனுஷர் அவர். ஆக, 'நல்லா இல்லை' என்று சொல்ல உனக்கு உலகத்தில் நான் ஒருத்தன்தான். ஆனால் அந்த ஒருத்தனுக்கு ஒரு நோய் வந்திருப்பதை உன்னிடம் யாரும் சொல்லவில்லை. எனக்குக் கதை பிடிக்காமல் போய்விட்டது. வாய்க்கு ருசி தெரியாமல் போகிற மாதிரி. சின்ன வயதில் பொட்டலம் கட்டி வந்த காகிதத்தைக்கூடப் பிரித்துப் படித்தவன், இப்போது ஒரு நாவலை எடுத்தால் பத்தாவது பக்கத்தில் கொட்டாவி, இருபதாவது பக்கத்தில் கோபம்.

ஆரம்பித்து வைத்தவன் என் அறைத் தோழன். பல் மருத்துவம் படிக்கிறான், அதனால் எல்லோருக்கும் அவன் பல்லன். ஒரு துப்பறியும் நாவலைக் கொடுத்து, "மச்சி, இதைக் கீழ வைக்கவே மாட்டே" என்றான். சத்தியமாகக் கீழே வைக்கவில்லை, சுவரில் எறிந்தேன். வில்லன் லிஃப்ட் கயிற்றை அறுக்கிறானாம், பெட்டி விழுந்து உள்ளே இருந்த பணக்காரர் சாகிறாராம். ஒரு லிஃப்ட்டில் எத்தனை கயிறு இருக்கும் என்று அந்த எழுத்தாளர் என்னை மாதிரி ஒரு லிஃப்ட் மெக்கானிக்கைக் கேட்டிருக்கக் கூடாதா? எல்லாக் கயிறும் அறுந்தாலும் பெட்டிக்கு அடியில் ஒரு பிரேக் இருக்கிறது, அது இரண்டு பக்கத் தண்டவாளத்தையும் கவ்விப் பிடித்துக்கொள்ளும். பணக்காரருக்கு அதிகபட்சம் சுளுக்கு வரும். இதைப் பல்லனிடம் சொன்னால், "டேய், அது கதைடா. ஊர் லிஃப்ட்டுக்கெல்லாம் நியாயம் கேக்கற, நம்ம சமையலறைக் குழாய் மூணு மாசமா ஒழுகுதே, அதைக் கேக்க மாட்டியா?" என்கிறான். பேச்சை மாற்றுவதில் அவன் கெட்டிக்காரன். அதற்குப் பிறகு எந்தக் கதையைத் திறந்தாலும் இதே கதைதான். காதலி ஊரைவிட்டுப் போகிறாள் என்றால் எனக்கு அழுகை வருவதில்லை, அவள் ஏறிய ரயில் அந்த நேரத்துக்கு அந்தப் பக்கம் போகாதே என்று தோன்றுகிறது.

சரி, கதைதானே பிடிக்கவில்லை, படிப்பே வெறுத்துவிடவில்லையே என்று வேறு எதையாவது ருசித்துப் படிக்கலாம் எனத் தேடிப் புறப்பட்டேன். நூலகத்துக்குப் போனேன். நூலகத்து அம்மா மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்து, "என்ன மாதிரி புத்தகம் வேணும்?" என்றார். "நடுவுல நிக்காம போறது" என்றேன். "அப்ப பஸ் ஸ்டாண்டுக்குப் போங்க தம்பி" என்றார். பிறகு இரக்கப்பட்டு, வாழ்க்கையில் முன்னேறுவது எப்படி என்று ஒரு கனமான புத்தகத்தைக் கொடுத்தார். முதல் அத்தியாயம், அதிகாலையில் எழுந்திரு. இரண்டாவது அத்தியாயம், அதைவிடச் சீக்கிரம் எழுந்திரு. மூன்றாவது அத்தியாயத்தைப் படிக்கும்போது தூங்கிவிட்டேன், காலையில் வேலைக்குத் தாமதம். வரலாறு எடுத்தேன். ராஜாக்கள் ஒருவரையொருவர் கொன்றுகொண்டே இருந்தார்கள், யார் மிச்சம் என்று கணக்கு வைக்க முடியவில்லை. எங்கள் கம்பெனியின் மோட்டார் கையேட்டைத் திரும்பப் படித்தேன், உண்மையைச் சொல்கிறேன், நன்றாகத்தான் இருந்தது. ஆனால் முடிவு தெரிந்த கதை. கடைசியில் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே படிக்க எதுவும் கிடைக்காமல் பல்லனின் மருந்துப் பெட்டிக்குள் மடித்துவைத்த தாளைப் பிரித்தேன். அக்கா, அதுதான் எழுத்து! ஒரு சொல் கூடுதல் இல்லை, வர்ணனை இல்லை, நேரடியாக மிரட்டுகிறது. தலைசுற்றல், வாய் உலர்தல், அரிதாகக் கைநடுக்கம். ஒரு வாரம் எல்லா மாத்திரைத் தாள்களையும் தேடித் தேடிப் படித்தேன். வார முடிவில் தலை சுற்றியது, வாய் உலர்ந்தது, அரிதாகக் கை நடுங்கியது. டாக்டரிடம் போனேன்.

"என்ன மாத்திரை சாப்பிடறீங்க?"

"மாத்திரை எதுவும் சாப்பிடல டாக்டர். தாள்தான் படிச்சேன்."

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "ராத்திரியில நல்ல கதைப் புத்தகமா ஏதாவது படிங்க, மனசு லேசாகும்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கைநடுக்கம் நின்றுவிட்டது. ஒருவகையில் அவர் நல்ல டாக்டர்.

இந்த நிலைமையில்தான் உன் கட்டு வந்து சேர்ந்தது. சணலால் கட்டிய தனித்தனித் தாள்கள். பக்க எண் இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, "அத்தான்தான் ஆபீஸ் பிரிண்டர்ல எடுத்துக் குடுத்தார், நம்பர் போடற இடம் அவருக்குத் தெரியலையாம்" என்றாய். அத்தியாயத் தலைப்பும் இல்லை, அது நவீனமாம். சரி என்று முதல் பக்கத்தைப் படித்தேன். சமையலறை. குழாய். ஒரு சொட்டு ஊறுகிறது, வீங்குகிறது, ஜன்னல் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது, பாத்திரத்தில் விழுகிறது. அடுத்த சொட்டு. பாத்திரம் நிரம்புகிறது. ஒரு கை வருகிறது, தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பாத்திரத்தைத் திரும்ப வைக்கிறது. பக்கம் முடிந்தது. ஆளைக் காட்டவில்லை, பெயர் இல்லை, ஒரு பேச்சு இல்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஆனால் நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறாயே, ஜன்னல் கட்டையில் புது ரப்பர் வாஷர் ஒன்று இருக்கிறது என்று! வாஷர் அங்கேயே இருக்கிறது. கையும் இருக்கிறது. மாற்ற வேண்டியதுதானே? அடைப்பானை மூடி, தலையைக் கழற்றி, பழசை எடுத்துப் புதுசைப் போட்டு முறுக்கினால் சொட்டும் நின்றது, கதையும் முடிந்தது. எத்தனையோ தடவை முயன்றேன். அந்த வாஷரைத் தாண்டி இரண்டாம் பக்கத்துக்கு என்னால் போகவே முடியவில்லை. நீயானால் ஞாயிறு தவறாமல் போன் செய்தாய்.

"படிச்சியாடா?"

"படிச்சேன்க்கா. சூப்பர்."

"எது பிடிச்சுது?"

"அந்த மழை சீன்."

"மழையே இல்லையேடா."

"இல்லாததுதான்க்கா பிடிச்சுது."

நீ திட்டியிருந்தால்கூடத் தேவலை. சன்னமாக, "அப்ப நல்லா இல்லைன்னு அர்த்தம். சரி, பதிப்பாளர்கிட்ட வேண்டாம்னு சொல்லிடறேன்" என்று வைத்துவிட்டாய். அன்றைக்கே கட்டைத் தூக்கி வேலைப் பையில் போட்டுக்கொண்டேன். அறையில் படித்தால்தானே கொட்டாவி வருகிறது, லிஃப்ட் மேலே உட்கார்ந்து எவனாவது கொட்டாவி விடுவானா என்று ஒரு கணக்கு.

இன்று காலை இந்தப் பத்துமாடிக் கட்டடத்தில் வேலை. லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்று, ஒவ்வொரு மாடியாக மெதுவாக இறக்கிக் கதவுகளைச் சரிபார்க்க வேண்டும். பத்தாவது மாடியில் கட்டின் சணலை அவிழ்த்துப் பக்கத்தில் வைத்தேன். முதல் பக்கம்தான் மனப்பாடமாயிற்றே, அதை மட்டும் எடுத்துச் சட்டைப் பைக்குள் செருகிவிட்டு, இரண்டாவதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று நினைத்து, அதற்குமுன் ஒரு கதவை மட்டும் முடித்துவிடலாம் என்று பொத்தானை அழுத்தினேன். பெட்டி இறங்க ஆரம்பித்தால் அந்த நீளக் கிணற்றுக்குள் காற்று மேல்நோக்கி அடிக்கும், இது எனக்குத் தெரியும், இதற்குத்தான் எனக்குச் சம்பளம். தெரிந்தும் அழுத்தினேன். உன் நாவல் எழுந்தது அக்கா. புறாக்கூட்டம் மாதிரி தலைக்குமேல் ஒரு சுற்றுச் சுற்றி, பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் புகுந்து, பத்து மாடிக்கும் பரவியது. கொஞ்சம் கூரைமேல், கொஞ்சம் தண்டவாளத்தைப் பிடிக்கும் கட்டைகள்மேல், மீதியெல்லாம் அடிப்பள்ளத்தில். 'பழுது' என்று பலகை மாட்டினேன், பெட்டியை மெதுவாக ஏற்றி இறக்கி ஒரு தாள் விடாமல் பொறுக்கினேன், பிறகு மெயின் சுவிட்சை அணைத்தேன். சில தாள்களில் கிரீஸ் பட்டிருக்கும், அதை நிறுத்தற்குறி என்று நினைத்துக்கொள்ளாதே.

பொறுக்கிய பிறகுதான் கவனித்தேன். வரிசை போய்விட்டது, எண் கிடையாது. எனக்குத் தெரிந்த ஒரே வழி, அறுந்த வயரைச் சேர்க்கிற வழிதான். ஒரு தாளின் கடைசி வரியைப் பிடி, அது எந்தத் தாளின் முதல் வரியோடு சேர்கிறது என்று தேடு. பரப்பிவைக்க இடம்? மாடிப்படி இருக்கிறதே! பகல் நேரம், எல்லோரும் வேலைக்குப் போயாயிற்று. ஒரு படிக்கு ஒரு தாள், பறக்காமல் இருக்க மேலே ஒரு நட்டு அல்லது போல்ட்டு, நட்டு தீர்ந்ததும் ஸ்பானர், ஸ்பானர் தீர்ந்ததும் என் சாப்பாட்டு டப்பா. முதலில் வரியை மட்டும்தான் பார்த்தேன். 'மாடியில் குடியிருந்த தையல்காரி தடதடவென்று இறங்கிப் போய்' என்று ஒரு தாள் முடிகிறது. எங்கே போய்? தேடினேன். 'வீட்டுக்காரர் கதவைத் தட்டி, இன்னிக்காவது குழாயை ரிப்பேர் பண்ணுவீங்களா மாட்டீங்களா என்று கத்தினாள்.' சேர்ந்தது. அவர் என்ன சொன்னார்? 'நாளைக்கு' என்றார். நாளைக்குச் செய்தாரா? தேடினேன். இல்லை, மறுபடியும் கத்துகிறாள். இந்த ஆள் ஏன் செய்ய மாட்டேன் என்கிறான் என்ற கோபத்திலேயே நாலு மாடி ஏறிவிட்டேன். ஐந்தாவது மாடியில் அவர் சட்டைப் பையிலிருந்து வாஷர் விழுகிறது. வாங்கி ஒரு வருஷம் ஆகிறது! குழாய் சரியானால் அவள் கத்த வர மாட்டாளே என்று பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறான் மடையன்! நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த நேரம் பார்த்துச் சூப்பர்வைசர் போன்.

"என்னப்பா, லிஃப்ட் ஏன் இன்னும் ஆஃப்ல இருக்கு?"

"ஷாஃப்ட்ல பேப்பர் விழுந்துடுச்சு சார்."

"எடுத்தியா?"

"எடுத்துட்டேன் சார்."

"அப்புறம் என்ன?"

"வீட்டுக்காரர் பொண்ணு வந்து அவரைக் கூட்டிட்டுப் போகப் பார்க்குது சார்."

"யாரு வீட்டுக்காரர்? கட்டட ஓனரா?"

"அப்புறம் கூப்பிடறேன் சார்" என்று வைத்துவிட்டேன். வேலை இருக்குமா என்று நாளைக்குத் தெரியும். பத்தாவது மாடியில் கடைசித் தாள். அவரைக் கூட்டிப்போக வந்த வேன் கிளம்புகிறது. கிளம்புவதற்குமுன் அவர் வாஷரை அவள் உள்ளங்கையில் வைத்து, "இந்தாங்க, வாங்கி ரொம்ப நாளாச்சு" என்கிறார். அவள் கத்தவில்லை. முதல்முறையாகக் கத்தவில்லை. அங்கே முடிகிறது. மொட்டைமாடிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் உறைத்தது, நான் ஒரு நாவலை முழுசாகப் படித்துவிட்டேன். யாரோ எழுதியதை இல்லை, நீ எழுதியதை.

அதனால் தீர்ப்பு இது. நாவல் நன்றாக இருக்கிறது. சும்மா சொல்லவில்லை, எனக்குச் சும்மா சொல்ல வராது என்று உனக்குத் தெரியும். மழை விஷயம் வேறு. ஆனால் ஒரு மெஷினைப் பிரித்துத் திரும்ப மாட்டிய பிறகு ஒரு ஸ்க்ரூ கையில் மிஞ்சினால் என்ன அர்த்தம்? மெஷின் அது இல்லாமலே ஓடுகிறதென்றால், அந்த ஸ்க்ரூ வேண்டாத ஸ்க்ரூ. எல்லாத் தாளும் ஒன்றோடொன்று சேர்ந்த பிறகு என் சட்டைப் பையில் மிஞ்சியது அந்த முதல் பக்கம். கீழே ஓடிப்போய் முதல் படியில் வைத்துப் பார்த்தேன். அது எதையும் பிடிக்கவும் இல்லை, அதை எதுவும் பிடிக்கவும் இல்லை. இரண்டாம் பக்கத்திலேயே தையல்காரி கத்திக்கொண்டு வந்துவிடுகிறாள், கதை அங்கேதான் ஸ்டார்ட் ஆகிறது. பதினாலு தடவை எழுதியதற்கு வருத்தப்படாதே, நாங்கள் ஒரு கதவை நாற்பது தடவை சரிசெய்வோம், கடைசியில் கதவையே மாற்றச் சொல்வார்கள். அந்தத் தாளை நான் வீணாக்கவும் இல்லை. வேஸ்ட் தாள் கிடைத்தால் பின்பக்கம் அறிவிப்பு எழுதுவது எங்கள் தொழில் பழக்கம். 'உள்ளே ஆள் இருக்கிறார், சுவிட்சைத் தொடாதே' என்று மார்க்கரில் எழுதி, படி முடிகிற இடத்தில் இருக்கும் மொட்டைமாடிக் கதவில் ஒட்டிவிட்டு, மோட்டார் அறையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். முடித்ததும் தாள்களைப் பொறுக்கி, கட்டி, கூரியரில் அனுப்புகிறேன்.

அத்தானுக்கு என் அன்பு, பக்க எண் போடும் இடத்தை நேரில் வந்து காட்டுகிறேன். குழந்தைக்கு முத்தம், அது படிக்கக் கற்றுக்கொள்ள அவசரப்பட வேண்டாம் என்று சொல். உன் நாவல் நூறு பதிப்புக் காணட்டும், ஒவ்வொரு பதிப்பும் எண்ணோடு வரட்டும்.

உன் கோபக்காரத் தம்பி.

பின்குறிப்பு: மேலே எழுதியதை நம்பாதே.

கையெழுத்துப் போட்டு முடித்த நேரத்தில் கீழே ஒரு குரல். எட்டாவது மாடியில் குடியிருக்கிற வக்கீலம்மா. கோர்ட்டிலிருந்து வந்திருக்கிறார், முழங்கால் வலிக்காரர். "லிஃப்ட் எப்பப்பா வரும்?" என்றார். "பத்து நிமிஷம்மா!" என்று கத்தினேன். "பத்து நிமிஷம்னா எத்தனை வாய்தா?" என்று அவரும் கத்திவிட்டு ஏறத் தொடங்கினார். முதல் மாடிவரை என்னைத் திட்டுவது கேட்டது. இரண்டாவது மாடியில் சத்தம் குறைந்தது. மூன்றாவது மாடியில் நின்றே போய்விட்டது. மயங்கிவிட்டாரோ என்று பயந்து, வெளியே வந்து படிக் கைப்பிடிக்கு மேலே எட்டிப் பார்த்தேன். அம்மா குனிந்து, நட்டை நகர்த்தி, படித்து, நட்டைத் திரும்ப வைத்து, ஒரு படி ஏறுகிறார். அடுத்தது. அடுத்தது. நாலாவது மாடியில் இரண்டு தாள்களை இடம் மாற்றி வைத்தார். "இதுல கண்ணாடி உடைஞ்சிருக்கு, அதுல மாட்டியிருக்கார். முன்னது பின்னதா வச்சிருக்கே தம்பி, சாட்சி ஒத்துப்போகல" என்றார். இறங்கிப்போய், இது என் அக்கா எழுதிய நாவல் என்று சொல்லிவிட்டுப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. எட்டாவது மாடி வந்தது. அவர் வீட்டுக் கதவு கைக்கெட்டும் தூரத்தில். அக்கா, அவர் நிற்கவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒன்பதாவது மாடிக்கு ஏறினார். பத்தாவதுக்கும் ஏறினார். வேன் கிளம்பிய தாளைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். எதிரே மொட்டைமாடிக் கதவில் என் அறிவிப்பு. மேல்விளிம்பில் மட்டும் ஒட்டியிருந்ததால் காற்றில் தூக்கித் தூக்கி அடித்துக்கொண்டிருந்தது. அவர் அதைப் பிடித்து, திருப்பி, படித்தார்.

இன்னொரு தடவை படித்தார். பிறகு, "அவர் போனதுக்கப்புறமும் மாத்தலையா இவ?" என்றார். யாரையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்கிற மாதிரி, மெதுவாக.

"எதைம்மா?"

"வாஷரை. ஜன்னல்லயே வச்சுக்கிட்டு, தண்ணியைக் கொட்டிக் கொட்டி வைக்கிறாளே."

நான் அந்தத் தாளைக் கதவிலிருந்து பிரித்து வாங்கினேன். மனப்பாடமான பக்கம்தான். சொட்டு, வெளிச்சம், பாத்திரம், கை. யாருடைய கை என்று இப்போது தெரிந்தது. எந்த வாஷர் என்று தெரிந்தது. எனக்குக் கண்ணில் கிரீஸ் பட்டுவிட்டது. வக்கீலம்மாவுக்கும் பட்டிருக்க வேண்டும், மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "இதைப் போய்க் கடைசியில வச்சாளே உங்க அக்கா, பெரிய ஆளுப்பா" என்றார். நீ அதைக் கடைசியில் வைக்கவில்லை, நான்தான் குப்பை என்று ஒட்டினேன் என்று அவரிடம் சொல்லவில்லை. வக்கீலிடம் எதற்கு வாக்குமூலம்?

ஆகவே இனி நான் செய்யப்போவது:

1. லிஃப்ட்டை ஓடவிட்டு, வக்கீலம்மாவைப் பத்தாவது மாடியிலிருந்து எட்டாவது மாடிக்கு இறக்குவேன்.

2. சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, வீட்டுக்காரர் போய்விட்டார் என்று சொல்லுவேன். பாவம், அவரும் கவலைப்படுவார்.

3. எல்லாத் தாளிலும் பென்சிலில் எண் போடுவேன். உன் முதல் பக்கம் கடைசி எண்ணில் வரும். பின்னால் இருக்கும் 'சுவிட்சைத் தொடாதே' பதிப்பாளருக்கு இல்லை.

4. மேலே 'கிழித்துப் போடு' என்று எழுதியதை அடிக்க மாட்டேன், எனக்கு நேரம் இல்லை. படிக்கிறபோது நீயே அடித்துக்கொள். வெள்ளிக்கிழமை மட்டும் தவறாதே.

5. பாதியில் விட்ட பதினாறையும் எடுத்து, ஒவ்வொன்றாகத் திரும்ப ஆரம்பிப்பேன். கயிறு அறுக்கிறவனை மட்டும் மன்னிக்க மாட்டேன்.

6. அறைக்குப் போவேன். குழாய் ஒழுகிக்கொண்டிருக்கும். வாஷர் என் பையில்தான் இருக்கிறது, மூன்று மாதமாக. இன்றைக்கு மாற்ற மாட்டேன். பல்லன் கத்துவான். கத்தட்டும்.